முன்சக்கரத்தில் லொடலொட: வாசகர் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கார் கேள்விகளில் முன்பக்க சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். மைலேஜ், ஏசி கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் ஹேட்ச்பேக் கார் 85,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஊருக்குள் மண் ரோட்டில் மெதுவாகப் போனால் முன்பக்கம் இடதுபுறம் ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது. பைபாஸ் ஏறிவிட்டால் ஒன்றுமில்லை. பட்டறையில் ‘ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், லிங்க் ராட் எல்லாத்தையும் மாத்திடலாம்’ என்கிறார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் போகுமா?
— வாசகர், பாலக்கோடு

போகாது. ஏதோ ஒன்று போயிருக்கும். எது என்று தெரியாதபோதுதான் ‘எல்லாத்தையும்’ என்ற வார்த்தை வரும். சத்தம் எப்போது வருகிறது என்பதைவிட எப்போது வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

ரோட்டின் முழு அகலத்துக்கும் போட்ட ஒரு வேகத்தடையைப் பிடியுங்கள். முதலில் 10 கி.மீ. வேகத்தில் நேராக, இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து ஏறும்படி போங்கள். திரும்பி வந்து அதே தடையைச் சாய்வாக, ஒரு சக்கரம் முன்னும் மற்றது பின்னுமாக ஏறும்படி கடந்து பாருங்கள். நேராக ஏறியபோது சத்தமில்லாமல், சாய்வாக ஏறியபோது ‘டக் டக்’ வந்தால் சந்தேகம் லிங்க் ராட் மேல்தான். இடது வலது சக்கரங்களை இணைக்கும் வளைந்த கம்பிக்கு ஸ்டெபிலைசர் பார் என்று பெயர். அதன் முனையைச் சஸ்பென்ஷனோடு சேர்க்கும் சின்னக் கம்பிதான் லிங்க் ராட். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் அது ஊஞ்சல் மாதிரி சும்மா ஆடும், முறுக்கிக்கொள்ளாது. ஒன்று ஏறி ஒன்று இறங்கினால்தான் முறுக்கும். அந்த முறுக்கைத் தாங்குவது லிங்க் ராடின் இரு முனையிலும் உள்ள சின்ன பால் ஜாயிண்ட் (கிண்ணத்துக்குள் சுழலும் உருண்டை மூட்டு). தேய்ந்த ஜாயிண்ட் அப்போது தட்டும். மண் ரோட்டில் சத்தமும் பைபாஸில் அமைதியும் இதனால்தான்.

ஆட்டம் பார்க்கும்போது பல பட்டறைகளில் ஒரு தவறு நடக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி லிங்க் ராடை ஆட்டிப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் தொங்கும்போது பார் முறுக்கி லிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும். தேய்ந்த ஜாயிண்டும் கெட்டியாகத் தெரியும். நான்கு சக்கரமும் தரையில் இருக்க, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு லிங்க் ராடைப் பிடித்து உலுக்குங்கள். விரலில் ‘கிளிக்’ என்று உறைத்தால் ஜாயிண்ட் முடிந்தது.

இன்னும் சந்தேகமென்றால் இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றிவிட்டு அதே மண் ரோட்டில் 20 கி.மீ. வேகத்தில் ஒரு சுற்று போங்கள். நட்டைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் போல்ட்டும் சேர்ந்து சுற்றும்; அதன் முனையில் ஆலன் கீ கொடுத்துப் பிடித்துக்கொண்டு திருப்பவேண்டும். சத்தம் நின்றுவிட்டால் செலவு லிங்க் ராடோடு முடிந்தது. லிங்க் இல்லாமல் வண்டி வளைவில் அதிகம் சாயும், அதனால் பைபாஸ் பக்கம் போகாதீர்கள்.

சத்தம் நிற்கவில்லையா? அதே ரோட்டில் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்டிப் பாருங்கள். மிதித்தால் நின்றுவிடுகிறது என்றால் தளர்ந்த பிரேக் பேட் அல்லது காலிப்பர் (பேட்டை டிஸ்க் மேல் அழுத்தும் பகுதி) பின். பிரேக் அடிக்கும் கணத்திலும் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தும் கணத்திலும் ஒரே ஒரு ‘டொக்’ வந்தால் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கை) புஷ், அதாவது அதன் ரப்பர். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டொய்ங்’ என்று குதித்தால் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் பேரிங். ஷாக் அப்சார்பரின் உடம்பில் எண்ணெய் வடிந்து மண் அப்பியிருந்தால் அதை மாற்றவேண்டியதுதான், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. லேசான ஈரப் பூச்சு மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். இதற்கெல்லாம் முன்னால் டிக்கியைத் திறந்து ஜாக்கி, பானா செட் உருண்டுகொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இன்னோவா வைத்திருக்கிறேன். ஒகேனக்கலுக்கு வாடகை ஓட்டம். ஒரு மெக்கானிக் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்து ‘பால் ஜாயிண்ட் நல்லா இருக்கு’ என்றார். இன்னொருவர் ‘உடனே மாத்து, இல்லேன்னா சக்கரம் மடங்கிடும்’ என்கிறார். யாரை நம்புவது?
— ஓட்டுநர், பென்னாகரம்

இரண்டு பேரும் ஜாக்கியை எங்கே வைத்தார்கள் என்று கேளுங்கள். பதில் அதில் இருக்கிறது.

வண்டியின் பாரம் ஸ்பிரிங் வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. ஸ்பிரிங் எந்த ஆர்ம் மேல் உட்கார்ந்திருக்கிறதோ அந்த ஆர்மின் பால் ஜாயிண்டுக்குத்தான் பாரம். இன்னோவாவில் (ஹைகிராஸ் தவிர) மேல், கீழ் என்று இரண்டு ஆர்ம் உண்டு. காயில் ஸ்பிரிங் கீழ் ஆர்ம் மேல் நிற்கிறது. ஆகவே பாரம் சுமப்பது கீழ் பால் ஜாயிண்ட். மேல் ஜாயிண்ட் சக்கரம் சாயாமல் பிடித்துக்கொள்வதோடு சரி.

இப்போது சேஸிஸில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? ஸ்பிரிங் கீழ் ஆர்மை அழுத்திக்கொண்டே இருக்கும். ஜாயிண்டுக்குள் உள்ள இடைவெளி அந்த அழுத்தத்தில் ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு உலுக்கினாலும் ஆட்டம் தெரியாது. ‘நல்லா இருக்கு’ என்று சொன்னவர் இப்படிப் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம்.

சரியான முறை: சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்டுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். டயர் தரையைவிட்டு இரண்டு மூன்று அங்குலம் எழும்பினால் போதும். சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டும் கொடுத்துவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்ட வேண்டாம். இப்போது ஸ்பிரிங்கின் அழுத்தம் ஜாக்கி மேல் இறங்கிவிட்டது, ஜாயிண்ட் சும்மா இருக்கிறது. ஒருவர் டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து மெல்ல மேலே நெம்பட்டும். மற்றவர் டார்ச் அடித்து, ஆர்முக்கும் நக்கிளுக்கும் (சக்கரத்தைத் தாங்கும் இரும்பு) நடுவில் உள்ள இடைவெளியைப் பார்க்கட்டும். நெம்பும்போதெல்லாம் அது மூடித் திறந்தால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. எத்தனை மி.மீ. வரை பொறுக்கலாம் என்பதற்கு வண்டியின் சர்வீஸ் மேனுவலில் அளவு இருக்கும், டயல் கேஜ் வைத்து அளப்பதுதான் ஒழுங்கு. ரப்பர் பூட் கிழிந்து உள்ளே மண் போயிருந்தால் அளக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அதே நிலையில் டயரை மேலும் கீழுமாக, கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை பிரேக் பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுபோனால் அது வீல் பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் பால் ஜாயிண்ட்.

ஸ்விஃப்ட், வேகன் ஆர் போன்ற ஸ்ட்ரட் வண்டிகளுக்கு இந்த வித்தை தேவையில்லை. அவற்றில் ஸ்பிரிங்கின் பாரம் ஸ்ட்ரட் வழியாகவே இறங்குகிறது, கீழ் ஜாயிண்ட் பாரம் சுமப்பதில்லை. பாடியில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் லீவர் போட்டு நெம்பினாலே தெரிந்துவிடும்.

‘சக்கரம் மடங்கிடும்’ என்று சொன்னவர் பயமுறுத்தவில்லை. பாரம் சுமக்கும் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் வெளிப்பக்கமாகப் படுத்துவிடும், வண்டி ரோட்டில் உட்கார்ந்துவிடும். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவர் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மூன்று மாதத்தில் இரண்டு முறை அலைன்மெண்ட் செய்தும் முன் டயர்கள் உள்பக்கம் மட்டும் தேய்கின்றன. மெஷின் சரியில்லையா?
— வாசகர், ஓசூர்

மெஷினைக் குறை சொல்லும் முன் அது கொடுத்த தாளை எடுங்கள். ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு வரிசை எண்கள் இருக்கும். இரண்டு முறையும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) அளவு வேறு வேறு இடத்துக்கு நகர்ந்திருந்தால் ஏதோ ஒரு ஜாயிண்ட் ஆடுகிறது. ஆடும் டை ராட் எண்டை (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை மூட்டு) வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல. கடையில் அளவு பச்சையில் நிற்கும், முதல் குழியில் இறங்கியதும் மாறிவிடும்.

கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) எண் அளவுக்கு வெளியே போயிருந்தால் கதை வேறு. பெரும்பாலான ஸ்ட்ரட் கார்களில் கடைக்காரர் திருப்பக்கூடியது டோ மட்டுமே. கேம்பரை மாற்ற இடமே இருக்காது, இருந்தாலும் ஸ்ட்ரட் போல்ட்டில் கொஞ்சம்தான். அப்படியானால் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும், புஷ் கிழிந்திருக்கும், அல்லது குழியில் அடிபட்டு ஆர்ம், ஸ்ட்ரட், நக்கிள் ஏதாவது வளைந்திருக்கும். அதை மாற்றாமல் நூறு அலைன்மெண்ட் செய்தாலும் டயர் தேயும்.

டோவா கேம்பரா என்பதை உங்கள் உள்ளங்கையே சொல்லும். டயரின் மேல் கையைக் குறுக்காக, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறையும் உள்ளேயிருந்து வெளியே ஒரு முறையும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பப் பல் மாதிரி சுருக்கென்றும் இருந்தால் டோ. வெளியே இழுக்கும்போது சுருக்கென்றால் டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருப்பது) அதிகம். உள்ளே தள்ளும்போது சுருக்கென்றால் அதற்கு எதிரான டோ-அவுட். இரு திசையிலும் வழவழப்பாக ஒரு ஓரம் மட்டும் மழுங்கியிருந்தால் கேம்பர். அங்கங்கே குழி விழுந்ததுபோல் மேடும் பள்ளமுமாக இருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் (சக்கர எடைச் சமன்) பாருங்கள்.

டோவை அற்பமாக நினைக்கவேண்டாம். ஒரு சக்கரம் 0.1 டிகிரி மட்டும் திரும்பி நின்றால்கூட ஒரு கி.மீ.க்கு சுமார் 1.75 மீட்டர் டயர் பக்கவாட்டில் இழுபடுகிறது. தருமபுரியிலிருந்து சேலம் போய்ச் சேர்வதற்குள் நூறு மீட்டருக்கு மேல் உரசல்.

அடுத்த முறை போகும்போது காற்றைச் சரியாக நிரப்பி, டிக்கியைக் காலி செய்துவிட்டுப் போங்கள். பின்னால் நாலு கிரேடு தக்காளியை வைத்துக்கொண்டு எடுத்த அளவு காலி வண்டிக்குப் பொருந்தாது.

ஸ்டீயரிங்கில் சும்மா ஆட்டம் இருக்கிறது. திருப்பினால் கொஞ்ச தூரம் கழித்துத்தான் சக்கரம் கேட்கிறது. ரேக் முழுதாக மாற்றவேண்டும் என்கிறார்களே?
— வாசகர், காரிமங்கலம்

ரேக்தான் (ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் வைத்த தண்டு) விலை அதிகம், அதனால் அதைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்.

வண்டி தரையில் நிற்கட்டும், ஜாக்கி வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் விட்டு, என்ஜினை ஓடவிடுங்கள். பவர் ஸ்டீயரிங் வேலை செய்தால்தான் ஜாயிண்டுக்கு முழு பலம் வரும். உள்ளே ஒருவர் ஸ்டீயரிங்கைக் கடிகாரத்தில் 11-க்கும் 1-க்கும் நடுவே சட் சட்டென்று ஆட்டட்டும். நீங்கள் டை ராட் எண்டின் மேல் உள்ளங்கையைப் பொத்திப் பிடியுங்கள். ராட் நகர்ந்து நக்கிள் ஒரு கணம் தாமதித்தால் அந்த எண்ட் போய்விட்டது. பிறகு ரேக்கின் ரப்பர் பெல்லோஸை விரலால் அமுக்கி உள்ளே இருக்கும் ரேக் எண்டைத் தொட்டுப் பாருங்கள். தட்டல் அங்கே இருந்தால் ரேக் எண்டை மட்டும் மாற்றலாம். ரேக்கை பாடியோடு பிடிக்கும் கிளாம்ப் புஷ், ஸ்டீயரிங் தண்டின் யுனிவர்சல் ஜாயிண்ட் இரண்டையும் பார்த்துவிட்டு, எதிலும் ஆட்டமில்லை என்றால்தான் ரேக்.

டை ராட் எண்ட் மாற்றும்போது லாக் நட்டு இருந்த இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, பழையது எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணிக்கொள்ளுங்கள். புதியதையும் அத்தனை சுற்று ஏற்றினால் அலைன்மெண்ட் கடை வரை ஓட்டிப் போகலாம். பல கார்களில் மரையின் இடைவெளி 1.5 மி.மீ.; ஒரு சுற்று தப்பினால் சக்கரம் அரை டிகிரிக்கு மேல் திரும்பிவிடும். ஜாயிண்ட் கழலவில்லையென்று போல்ட்டின் தலையில் சுத்தியால் அடித்தால் மரை கெட்டுவிடும். நக்கிளின் கண் இருக்கும் பக்கவாட்டில் அடிக்கவேண்டும், புல்லர் இருந்தால் இன்னும் நல்லது. காட்டர் பின் (நட்டு கழலாமல் பிடிக்கும் கம்பி) துளை நேராக வராவிட்டால் நட்டை இறுக்கி அடுத்த வெட்டுக்குக் கொண்டுவாருங்கள். தளர்த்தி நேராக்கக் கூடாது. பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடவும் கூடாது.

தொப்பூர் இறக்கத்தில் பிரேக் அடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. மற்ற நேரம் சரியாகவே இருக்கிறது.
— வாசகர், நல்லம்பள்ளி

பிரேக் அடித்தால் மட்டும் நடுக்கம் என்றால் முதலில் பிரேக் டிஸ்க். 80-100 கி.மீ. வேகத்தில் பிரேக் தொடாமலே நடுங்கினால்தான் பேலன்சிங்.

டிஸ்க் ‘வளைந்துவிட்டது’ என்பார்கள். பெரும்பாலும் வளைவதில்லை, தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்தபடியே வந்து, டிஸ்க் கொதிக்கும்போது கீழே நெரிசலில் பெடலை இறுக்கி மிதித்து நின்றால், பேட் இருந்த இடத்தில் அதன் பொருள் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து அந்த இடம் வரும்போதெல்லாம் நடுக்கம். சக்கர நட்டுகளை ஒரு பக்கமாக இறுக்குவதும், ஹப்பின் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பகுதி) முகத்தில் துருவோடு டிஸ்க்கை மாட்டுவதும் மற்ற காரணங்கள். துருவைத் தேய்த்து எடுத்து, நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். கார்களுக்குப் பொதுவாக 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும், உங்கள் வண்டிக்கான எண் கையேட்டில் இருக்கும்.

டிஸ்க் மாற்றியும் நடுக்கம் கொஞ்சம் பாக்கி இருந்தால் லோயர் ஆர்மின் பின் புஷ்ஷைப் பாருங்கள். நல்ல புஷ் சின்ன நடுக்கத்தை விழுங்கிவிடும், கிழிந்த புஷ் அதைப் பெரிதாக்கி ஸ்டீயரிங்குக்கு அனுப்பும். இறக்கத்தில் கீழ் கியரில் வாருங்கள், பிரேக்கை விட்டு விட்டு அடியுங்கள். நியூட்ரலில் விடுவது மிச்சம் பிடிப்பது அல்ல.

லோயர் ஆர்ம் புஷ் புதிதாகப் போட்டு நாலு மாதத்தில் கிழிந்துவிட்டது. டூப்ளிகேட் சாமானா?
— வாசகர், காவேரிப்பட்டணம்

இருக்கலாம். ஆனால் ஒரிஜினல் புஷ்ஷையும் நாலு மாதத்தில் கிழிக்கும் வழி ஒன்று உண்டு: வண்டியைத் தூக்கி வைத்த நிலையிலேயே போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுவது.

புஷ்ஷின் நடுவில் இருக்கும் இரும்புக் குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் ஆடும்போது குழாய் சுற்றாது, சுற்றியிருக்கும் ரப்பர்தான் முறுக்கிக்கொடுத்துத் திரும்பும். சக்கரம் தொங்கும்போது ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அந்த நிலையில் இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கியபடி இருக்கும். குழியில் ஏறி இறங்கும்போது மேலும் முறுக்கி ஓரத்தில் விரியும். ஆகவே போல்ட்டைக் கைப்பிடிப்பாக மட்டும் மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போதே கடைசி இறுக்கம் கொடுக்கவேண்டும். ராம்ப்பிலோ பிட்டிலோ ஐந்து நிமிட வேலை. பட்டறையில் இதை வாயைத் திறந்து கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று: வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசலும் பழைய ஆயிலும் கலந்து ஸ்பிரே அடிக்கும் வழக்கம். பார்க்கப் பளபளவென்று இருக்கும், துருவும் பிடிக்காது. ஆனால் புஷ் ரப்பர் எண்ணெய் குடித்து ஊதி இளகிவிடும். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வண்டி இடதுபக்கம் இழுக்கிறது.
— வாசகர், ஊத்தங்கரை

மழைநீர் வடிய ரோடே இடதுபக்கம் சரிவாகத்தான் இருக்கும். லேசான இழுப்பு குறையல்ல. அதற்கு மேல் இழுத்தால் முதலில் காற்று. அடுத்து, முன் டயர்களை இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். டயரில் அம்பு போட்டிருந்தால் அதை இப்படி மாற்றக் கூடாது, பின் டயரைக் கொண்டுவந்து போட்டுப் பாருங்கள். இழுப்பு வலதுக்கு மாறினாலோ நின்றுபோனாலோ டயர்தான் காரணம், அலைன்மெண்டுக்குப் பணம் கட்ட வேண்டாம். மாறாவிட்டால், பிரேக் அதிகம் தொடாமல் பத்து கி.மீ. ஓட்டி நிறுத்தி, இரண்டு முன் ரிம்முக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள். இடது மட்டும் அனல் வீசினால் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் பிறகு அலைன்மெண்ட்.

‘ஊம்’ என்று ஒரு சத்தம், வேகம் கூடக் கூட ஏறுகிறது. டயரா, பேரிங்கா?
— வாசகர், அரூர்

சிமெண்ட் ரோட்டிலிருந்து தார் ரோட்டுக்கு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். மாறாமல் ஒரே சுருதியில் இருந்தால் பேரிங். எந்தப் பக்கம் என்பதற்கு: காலி ரோட்டில் 50-60 வேகத்தில் மெல்ல இடமும் வலமும் வளையுங்கள். இடது வளைவில் பாரம் வலது சக்கரத்துக்குப் போகும்; அப்போது சத்தம் ஏறினால் வலது பேரிங்.

ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ‘கட கட’. இதுவும் லிங்க் ராடா?
— வாசகர், தேன்கனிக்கோட்டை

இல்லை. அது ஆக்சிலின் வெளிப்பக்க சிவி ஜாயிண்ட், அதாவது என்ஜினின் சுழற்சியைத் திரும்பும் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் மூட்டு. ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள், பூட் கிழிந்திருக்கும். சத்தம் வருவதற்கு முன்பே கிழிசலைப் பார்த்திருந்தால் புது பூட்டும் கிரீஸும் போட்டுத் தப்பித்திருக்கலாம். சத்தம் வந்தபின் ஜாயிண்டையே மாற்றவேண்டும். இன்னொரு பக்கத்து பூட்டையும் இன்றே குனிந்து பார்த்துவிடுங்கள்.